கையெழுத்தும் உண்மையும்: தளபதி ஹெய்க்கின் போர் நாட்குறிப்பு

ஒரு மனிதன் இரவில் விளக்கடியில் அமர்ந்து தனக்கென்று எழுதிவைத்த குறிப்பில் பொய் இராது என்று நம்பிவிடுவது நம் இயல்பு. மேடைப்பேச்சை ஐயுறுகிறோம். செய்தித்தாளை ஐயுறுகிறோம். தன்வரலாறுகளைக்கூடச் சற்றுத் தள்ளி நின்றே படிக்கிறோம். நாட்குறிப்பு என்றதும் அந்த எச்சரிக்கை எங்கோ போய்விடுகிறது. அதுவும் போர்க்களத்தில், பீரங்கி ஓசைக்கு நடுவே எழுதப்பட்டது என்றால் கேட்கவே வேண்டாம். சாவின் அருகில் இருந்தவன் எதற்காகப் பொய் எழுதப்போகிறான் என்று நாமே அவனுக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கையை வைத்து வாணிகம் செய்தவர்களும் உண்டு. 1983 ஏப்ரலில் 'ஷ்டெர்ன்' என்னும் ஜெர்மானிய வார இதழ், இட்லரின் நாட்குறிப்புகள் தன் கைக்குக் கிடைத்துவிட்டன என்று ஹாம்பர்க் நகரில் அறிவித்தது. ஏறத்தாழ 60 ஏடுகள். அவற்றுக்கு அவ்விதழ் கொடுத்த விலை 90 இலட்சம் மார்க்குக்கும் மேல். ஹியூ டிரெவர்-ரோப்பர் என்னும் பெயர்பெற்ற ஆங்கில வரலாற்றாசிரியர் முதலில் அவை மெய்யானவை என்றார், பின்னர் தயங்கினார். இரண்டு வாரம் முடிவதற்குள் மேற்கு ஜெர்மனியின் அரசு ஆவணக்காப்பகம் அத்தனையும் போலி என்று சொல்லிவிட்டது. தாளை வெண்மையாக்கச் சேர்த்திருந்த வேதிப்பொருள் இட்லர் இறந்த பிறகே புழக்கத்துக்கு வந்தது. எழுதியவர் கொன்ராட் கூயாவ் என்னும் மோசடிக்காரர். கையெழுத்து வல்லுநர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குத் தரப்பட்ட மாதிரிகளுள் சிலவும் கூயாவின் கைவண்ணமே. போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருத்தம் இருக்கத்தானே செய்யும்!

இத்தகைய போலிகள் தம் பிறந்த நாளைத் தாமே சொல்லிவிடும். கொன்ஸ்தந்தீன் பேரரசர் மேற்கு நாடுகளின் ஆட்சியைத் திருத்தந்தைக்கு எழுதிக் கொடுத்தார் என்று இடைக்காலம் முழுவதும் காட்டப்பட்டு வந்த ஆவணத்தை, 1440-இல் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர் அதன் இலத்தீன் மொழியை வைத்தே போலி என்று நிறுவினார். நான்காம் நூற்றாண்டு உரோமையில் எவரும் அப்படிப் பயன்படுத்தியிராத சொற்கள் அதில் இருந்தன. அன்று சொல், இன்று தாள், முறை ஒன்றே. பொறுமையும் படிப்பும் உள்ளவர்க்கு இது கைகூடும் வேலை.

அரிய வேலை மெய்யான நாட்குறிப்பை மதிப்பிடுவது. கையெழுத்து அவருடையது, தாள் அக்காலத்தது, மை அக்காலத்தது, எழுதிய நாளும் சரி. அதன் பின்னும் அதில் எழுதியிருப்பதை நம்பலாமா என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கு, முதல் உலகப்போரில் பிரித்தானியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய டக்ளஸ் ஹெய்க்கின் நாட்குறிப்பைவிடத் தகுந்த சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1861-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஹெய்க், 1915 டிசம்பர் முதல் போர் முடியும்வரை பிரான்சில் இருந்த பிரித்தானியப் படையின் தலைமைத் தளபதி. பேசத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர், எழுதுவதிலோ சளைக்காதவர். போர்க்காலம் முழுவதும் அன்றாடம் களக் குறிப்பேட்டில் எழுதினார். தாளின் அடியில் கரித்தாள் வைத்து எழுதியதால் ஒரே நேரத்தில் இரு படிகள் கிடைத்தன. எழுதிய தாள்கள் அவ்வப்போது இங்கிலாந்தில் இருந்த மனைவி டாரத்திக்குப் போய்ச் சேர்ந்தன. வானிலை எப்படி, வளிமண்டல அழுத்தமானி ஏறியதா இறங்கியதா என்ற குறிப்புகளுக்குக்கூட அதில் இடமுண்டு. யார் வந்தார், என்ன பேசினார், ஆள் எப்படி என்பதெல்லாம் உண்டு. போர் முடிந்த பின் அம்மையாரின் உதவியோடு இவை தட்டச்சு செய்யப்பட்டன. கடிதங்களும் பிற தாள்களும் இடையிடையே சேர்க்கப்பட்டன. சில இடங்களில் ஹெய்க்கின் பிற்கால வாக்கியங்களும் சேர்ந்தன. ஆக, ஒரே நாட்குறிப்பு இரண்டு உருவங்களில் நமக்கு வந்திருக்கிறது: அன்றன்று எழுதிய கையெழுத்துப் படி, ஆண்டுகள் கழித்து உருவான தட்டச்சுப் படி. இரண்டும் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன.

1952-இல் ராபர்ட் பிளேக் இந்நாட்குறிப்பின் பகுதிகளை முதன்முதலாக நூலாக்கியபோது பயன்படுத்தியது தட்டச்சுப் படியை. அரசியல்வாதிகளையும் பிற தளபதிகளையும் பற்றி ஹெய்க் எழுதியிருந்த காரமான வரிகளே பதிப்பாசிரியரின் கண்ணை அதிகம் கவர்ந்தன என்பது படிக்கும்போதே தெரியும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த நூலே மேற்கோளுக்கு ஆதாரமாக இருந்தது. 1991-இல் டெனிஸ் விண்டர் என்பவர், ஹெய்க் தம் பெயரைக் காப்பதற்காக நாட்குறிப்பைத் திட்டமிட்டு மாற்றி எழுதினார் என்று குற்றஞ்சாட்டினார். 2005-இல் கேரி ஷெஃபீல்டும் ஜான் போர்னும், கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டு, தட்டச்சுப் படி வேறுபடும் முக்கிய இடங்களையும் காட்டி ஒரு பதிப்பு கொண்டுவந்தனர். பெரும்பாலான வேறுபாடுகள் சிறியவை, விண்டரின் குற்றச்சாட்டு நிற்காது என்பது அவர்கள் முடிவு.

முடிவு சரிதான். பெரும்பாலானவை சிறியவைதாம். ஆயினும், எஞ்சிய சிலவற்றில் ஒன்று மிகப் பெரியது.

1918 மார்ச் 21-ஆம் நாள் ஜெர்மானியர் பெருந்தாக்குதல் தொடுத்தனர். பிரித்தானிய அணி பிளந்தது. பிரெஞ்சுப் படையும் பிரித்தானியப் படையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. 24-ஆம் நாள் குருத்து ஞாயிறு. அன்று நள்ளிரவை ஒட்டி ஹெய்க்கும் பிரெஞ்சுத் தளபதி பெத்தேனும் சந்தித்தனர். புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை, மார்ச் 26 அன்று, தூலான் என்னும் சிற்றூரில் இரு நாட்டுத் தலைவர்களும் கூடி, இரு படைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை பிரெஞ்சுத் தளபதி ஃபொஷ்ஷிடம் ஒப்படைத்தனர். போரின் போக்கை மாற்றிய முடிவுகளுள் அது ஒன்று. அதை முதலில் கேட்டவர் யார்?

தாமே என்கிறது தட்டச்சுப் படி. பெத்தேனைப் பார்த்துத் திரும்பியதும், 25-ஆம் நாள் விடியற்காலை 3 மணி அளவில், ஃபொஷ்ஷைப் போன்ற உறுதியுள்ள ஒருவரைத் தலைவராக்க வேண்டும், அதற்காக உடனே வாருங்கள் என்று இலண்டனுக்குத் தந்தி கொடுத்ததாக அதில் இருக்கிறது. கையெழுத்துப் படியில் அந்தத் தந்தியே இல்லை. எலிசபெத் கிரீன்ஹால் என்ற வரலாற்றாசிரியர் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இடத்தைக் கூர்ந்து ஆராய்ந்து, பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை என்றே முடிவு செய்தார்.

குருமடத்தில் விவிலியப் பாடபேதங்களை ஆராயும் வகுப்பில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி இது: இரு படிகள் மாறுபட்டால், எதிலிருந்து எது தோன்றியிருக்கக் கூடும் என்று கேள். ஒரு வரி சேர்க்கப்பட்டதற்குக் காரணம் சொல்ல முடிகிறதா, விடுபட்டதற்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்று பார். இங்கு அந்த விதியை வைத்துப் பார்க்கலாம். போரின் தலைவிதியையே மாற்றக்கூடிய தந்தியைக் கொடுத்த ஒருவர், அழுத்தமானியின் ஏற்ற இறக்கத்தைக்கூட விடாமல் எழுதுகிறவர், அந்நாளைய குறிப்பில் அதை மட்டும் விட்டுவிடுவாரா? களைப்பில் விடுபட்டிருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. அந்த நாட்களில் எவருக்குத்தான் உறக்கம் இருந்தது? ஆனால் வேறு சான்றுகளும் அந்தத் தந்திக்கு எதிராகவே நிற்கின்றன. அமைச்சர் மில்னர் பிரதமரின் சொற்படி 24-ஆம் நாளே பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலைத் தந்தியால் அவரை வரவழைத்திருக்க முடியாது. படைத்துறைத் தலைவர் ஹென்றி வில்சனும் நாட்குறிப்பு எழுதுபவரே. ஃபொஷ்ஷின் பெயரைச் சொன்னது தாம் என்றும், ஹெய்க் பிறகே இசைந்தார் என்றும் அவர் குறிப்பு சொல்கிறது.

வில்சனை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வில்சன் சூழ்ச்சிக்காரர் என்று பெயர் வாங்கியவர். 1922-இல் அவர் இலண்டனில் சுட்டுக் கொல்லப்பட்ட பின், கால்வெல் என்ற படை அதிகாரி 1927-இல் அவர் நாட்குறிப்பை வெளியிட்டபோது, அதைப் படித்தவர்களிடம் வில்சனின் மதிப்பு குறைந்தே போயிற்று. அவரும் தமக்குப் புகழ் தேடியிருக்கலாம். ஆனாலும் அவர் சொல்வது ஹெய்க்கின் கையெழுத்துப் படியோடு மோதவில்லை. ஹெய்க்கின் தட்டச்சுப் படிதான் ஹெய்க்கின் கையெழுத்துப் படியோடு மோதுகிறது. ஒருவருக்கு எதிராக அவருடைய சொந்தக் கையே சாட்சி சொல்லும்போது, அயலார் சாட்சி அவ்வளவு தேவைப்படுவதில்லை.

இதைக் கொண்டு நாட்குறிப்பு முழுவதும் புரட்டு என்று விண்டர் சென்ற வழியில் செல்வது தவறு. தம்மை வெள்ளையடித்துக்கொள்வதே ஹெய்க்கின் நோக்கம் என்றால், முதலில் மறைத்திருக்க வேண்டிய பக்கங்கள் வேறு. அவற்றுள் ஒன்று 1916 ஜூலை.

சோம் நதிக்கரைப் போர் தொடங்குவதற்கு முந்தைய நாள், எதிரியின் முள்கம்பி வேலி இதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக அறுக்கப்பட்டுள்ளது என்று ஹெய்க் எழுதினார். பல இடங்களில் அது அறுபடவே இல்லை. மறுநாள் ஜூலை 1. அன்று ஒரே நாளில் பிரித்தானியப் படை இழந்தவர்கள் 57,470 பேர். அவர்களுள் இறந்தவர்கள் 19,240 பேர். அன்றைய குறிப்பில் ஹெய்க் வடக்கே நின்ற எட்டாம் படைப்பிரிவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். பதுங்குகுழியை விட்டு வெளியேறியவர்கள் அவர்களில் சிலரே என்று தமக்குத் தோன்றுவதாக அந்த வரி. உண்மையில் அன்று மிக அதிகமான இழப்பு அந்தப் படைப்பிரிவுக்கே. ஏறத்தாழ 14,000 பேர். அதைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து படையணி போமோன்-ஹாமெல் அருகே முன்னேறியபோது அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர்.

இந்த வரி போலி அன்று. அன்றிரவே, அவர் கையாலேயே எழுதப்பட்டது. எழுதியவர் பொய் சொல்லவும் இல்லை. தமக்கு வந்த செய்தியை நம்பி எழுதினார். தொலைபேசிக் கம்பிகள் அறுந்திருந்தன, ஓடிச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் வழியில் விழுந்துகிடந்தார்கள். நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்டது என்பதையே நாட்குறிப்பின் பெருமையாகச் சொல்வது வழக்கம். அந்த அருகாமை இங்கே அறியாமையாக இருக்கிறது. ஐம்பது கல் தொலைவில் ஓர் எழுத்தர் பிறகு கூட்டிப் போட்ட கணக்கு, அன்றிரவு தளபதி எழுதியதைவிட உண்மைக்கு நெருக்கமானது.

அடுத்த நாள், ஜூலை 2, ஞாயிறு. இழப்பு 40,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டுச் சொன்னார்கள். ஈடுபட்ட படையின் அளவையும் அணியின் நீளத்தையும் பார்க்கும்போது அது கடுமையான இழப்பு ஆகாது என்று ஹெய்க் எழுதினார். அவரை வெறுப்பவர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டும் வரி அதுவே.

அந்த வரி நீக்கப்படவில்லை என்பதை ஹெய்க்கின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். எழுதியவருக்குத் தலைகுனிவு தரும் செய்தி உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது வரலாற்றாய்வில் அறிந்த அளவுகோல்தான். ஆனால் அதை இங்கே பொருத்துவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த வரி அவருக்குத் தலைகுனிவாக இருந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. அதனால்தான் அது நீடித்தது. தட்டச்சுப் படி உருவான காலத்தில் எட்டாம் படைப்பிரிவின் இழப்பு உலகறிந்த செய்தி. பதுங்குகுழியை விட்டு வெளியேறாதவர்கள் என்று தாம் எழுதிய மனிதர்களுக்காக ஓர் அடிக்குறிப்பாவது சேர்த்திருக்கலாம். தூலானுக்கு ஒரு தந்தி சேர்க்க முடிந்தது. இவர்களுக்கு ஒரு வரி சேர்க்கப்படவில்லை. இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்தப் போலிக்காரனும் புனைய முடியாத ஹெய்க் நம் கண்முன் வருகிறார். கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். எதை நினைவில் திருத்த வேண்டும், எதைத் திருத்தத் தேவையில்லை என்பதில் ஒரு மனிதரின் உள்ளம் எப்படி ஓடியது என்பது மட்டும் தெரிகிறது.

நம் வாசகர்களுக்குச் சிறப்பாக ஈர்ப்பாக இருக்கக்கூடிய மற்றொரு பகுதியும் இந்நாட்குறிப்பில் உண்டு. ஹெய்க் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். ஞாயிறுதோறும் ஜார்ஜ் டங்கன் என்ற போதகரின் வழிபாட்டில் கலந்துகொண்டு, மறையுரையின் சுருக்கத்தைக் குறித்துவைத்தார். சோம் போருக்கு முன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் தம் திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் இறைவனின் உதவி இருந்ததாக உணர்வதாகச் சொன்னார். இதை வைத்து அவரைத் தெய்வ அருள் பித்தேறியவர் என்று எள்ளியவர்கள் பலர். பக்தியுள்ள தளபதி என்று மெச்சியவர்களும் உண்டு. இரு சாராருமே ஆவணத்தை அவசரமாகப் படிக்கிறார்கள். மறையுரையைக் குறித்துவைத்தார் என்பதால் அவர் அதைக் கேட்டார் என்று தெரிகிறது. அதற்கு மேல் எதையும் அந்தப் பக்கம் சொல்லாது. முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றி வருகிறவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகவே சொல்ல முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது? தனக்காக என்று சொன்னாலும், எழுதிய தாள் மனைவிக்குப் போகிறது. அந்த அம்மையார் திருமணத்துக்கு முன் அரசியின் பணிப்பெண்ணாக அரண்மனையில் இருந்தவர். நாட்குறிப்பின் சில பகுதிகள் அரண்மனை வட்டாரத்துக்கும் எட்டின. எனவே சக தளபதி ஒருவரைக் குறைத்து எழுதும் ஒவ்வொரு வரியையும், அது எங்கே படிக்கப்படும் என்று எழுதியவருக்குத் தெரியும் என்ற நினைவோடுதான் நாம் படிக்க வேண்டும். பூட்டிய அறையில் எழுதினாலும் வாசலில் ஒருவர் காத்திருக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொல்கிறவன் தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான். நாட்குறிப்பு எழுதுகிறவன் பெரும்பாலும் தனக்கு ஆதரவாகச் சாட்சி சொல்கிறான். எதிரானது வழுக்கி விழுந்தால்தான் உண்டு.

பதிப்புகளைப் பற்றி: பிளேக்கின் நூலை இனி ஹெய்க்கின் அந்நாளைய சொல் என்று யாரும் மேற்கோள் காட்டக் கூடாது, 1920-களின் ஹெய்க் 1918-இன் ஹெய்க்கை எப்படி நினைவுகூர விரும்பினார் என்பதற்கு அது சிறந்த சான்று. ஷெஃபீல்டும் போர்னும் செய்த பணி மதிப்புமிக்கது. ஒரு குறை சொல்லவேண்டும். இருவரும் ஹெய்க்கை அவருடைய எதிரிகளிடமிருந்து மீட்கவேண்டும் என்னும் உணர்வோடு எழுதுகிறார்கள். அதனால் 'வேறுபாடுகள் சிறியவை' என்ற வாக்கியம் முன்னே ஒலிக்கிறது, தூலான் அதன் நிழலில் நிற்கிறது. மேலும் அதுவும் தெரிவுசெய்த பகுதிகளின் தொகுப்பே. கையெழுத்துப் படி முழுமையும் ஒரு நூலுக்குள் அடங்குவதன்று.

இப்படி ஒரு தளபதியின் சொல்லை இரண்டு படிகளில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறோம். அதே தளபதியின் கீழ் போரிட்ட நம் நாட்டவர்களின் நிலை என்ன? 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நெவ் ஷப்பேல் சண்டையில், ஹெய்க் தலைமையிலான முதலாம் சேனையில் இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. அதன் இழப்பு 4,000-க்கு மேல். அங்கே எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. கடிதங்களைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்கள். அந்தக் கடிதங்களைப் பிரான்சிலேயே தணிக்கை அலுவலகம் படித்து, சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளில் சேர்த்தது. இலண்டனில் பாதுகாக்கப்படும் அந்தப் பெயர்ப்புகளிலிருந்து தெரிந்தெடுத்து 1999-இல் டேவிட் ஓமிசி ஒரு தொகுப்பு வெளியிட்டார்.

சொன்னவன் ஒருவன், எழுதியவன் வேறொருவன், பெயர்த்தவன் இன்னொருவன், தெரிந்தெடுத்தவன் தணிக்கை அதிகாரி. அதற்கு மேல், தணிக்கை உண்டு என்று சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளைச் சிப்பாய்களைச் செம்மிளகாய் என்றும் மறைபெயர் வைத்து, எது தீர்ந்துபோகிறது, எது மீந்திருக்கிறது என்று ஊருக்கு எழுதினார்கள். பஞ்சாபிலோ கடுவாலிலோ அந்தக் கடிதத்தைப் படிக்கக் கேட்ட குடும்பத்துக்கு அதன் பொருள் புரிந்திருக்கும். தணிக்கை அதிகாரிக்கும் புரிந்தது. அதனால்தான் அந்த வரிகள் அறிக்கையில் ஏறி, நமக்கும் கிடைத்தன. அவர் கண்ணில் படாமல் ஊர் போய்ச் சேர்ந்த கடிதங்கள் எந்த நூலகத்திலும் இல்லை.